மெறிடோரா மீதான ஆணை

குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுந்தபோது யசோதினி தன் மேசையிலேயே சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அண்ணன் பிரதாபன், மச்சாள் சுவர்ணா, பிள்ளைகள் இரண்டு பேர் எல்லாரும் சூட்கேஸ் அடுக்கிய வண்டிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் தனுஷியா நாக்கை நீட்டியிருந்தாள். "போட்டு வாறம்" என்று அண்ணன் கீழே எழுதியிருந்தான்.

யசோதினியும் சிரித்தாள். சுவர்ணாவின் தங்கை சிவமலருக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம். இரண்டு மாதமாக வீட்டில் அதே கதைதான். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவென்று படத்தைப் பெரிதாக்கினாள். அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால், சூட்கேஸ் பாரம் பார்க்கும் கவுண்டருக்கு மேலே, பச்சை நிறத்தில் சிறகு விரித்த கொக்கு ஒன்று தெரிந்தது. கொக்கின் கீழே மெறிடோரா எயார் என்ற எழுத்து.

கரண்டியை வைத்துவிட்டு அந்த எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அவர்கள் வேறு ஒரு விமானத்தில்தான் போவதாக இருந்தது. அண்ணனே சொல்லியிருந்தான். எப்போது மாற்றினான், ஏன் மாற்றினான் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவளுடைய கணினித் திரையில், சோற்றுப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, அவளே எழுதிய ஆணை திறந்து கிடந்தது. மெறிடோரா எயார் நிறுவனம் இந்த நாட்டில் ஆட்களை ஏற்றவோ இறக்கவோ கொடுக்கப்பட்ட அனுமதியை உடனடியாக நிறுத்திவைக்கும் ஆணை. அதில் எல்லாம் சரியாக இருந்தது. அமைச்சரின் கையெழுத்து மட்டும் இல்லை.

யசோதினி அரசாங்கத்தின் சட்டத்தரணி. வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பக்கத்தில், விமானங்களைப் பற்றிய சட்டங்களை மட்டுமே பார்க்கும் ஒரு சிறிய பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறாள். வெளிநாட்டு விமானம் ஒன்று காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றவேண்டுமென்றால் இங்கே அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுப்பதும் பறிப்பதும் அமைச்சரின் அதிகாரம். பாராளுமன்றம் சட்டத்தில் இரண்டு வரியில் அமைச்சருக்குக் கொடுத்த அந்த அதிகாரத்தை, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்குப் பொருந்தும்படி எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. எழுதுவாள். கையெழுத்து அவளுடையதில்லை.

இந்த அலுவல் முந்தின நாள்தான் தொடங்கியது. விமானப் பாதுகாப்புப் பரிசோதகர் ஹியூ என்ற வேல்ஸ்காரர், லண்டனில் இறங்கியிருந்த மெறிடோராவின் விமானம் ஒன்றை வழமைபோலப் பார்க்கப் போனார். எஞ்சினை இறக்கையோடு பிணைத்து வைத்திருக்கும் ஆணிகளில் ஒன்றில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தது. ஆணியைக் கழற்றிப் பார்த்தபோது அது விமானத்தைச் செய்த கொம்பனியின் ஆணியே இல்லை. எங்கேயோ செய்து, பொய் முத்திரை குத்தி விற்ற சாமான். அந்த விமானத்தை அவரே அந்த இடத்திலேயே மறித்துவிட்டார். மற்ற விமானங்களையும் திறந்து காட்டுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டார். அவர்கள் மாட்டோம் என்றார்கள். கண்ணால் காணாத பழுதுக்காக ஒரு விமானத்தை மறிக்க அவருக்கு அதிகாரமில்லை. முழு நிறுவனத்தையும் நிறுத்த அமைச்சரால் மட்டுமே முடியும்.

அப்படியானால் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. மெறிடோராவின் நாட்டில் பிரிட்டிஷ்காரர் இரண்டு பேர் ஒரு வருடத்துக்கு மேலாகச் சிறையில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை முடிந்து அடுத்த நாள் காலை அவர்களை விடுவதாக இருந்தது. அந்த நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான விமான நிறுவனத்தை இன்றைக்கு நிறுத்தினால் அந்த விடுதலை என்னாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கிறவர்கள் அமைச்சரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நாளுக்குள் ஒரு விமானம் மட்டும் பறக்கவிருந்தது. லண்டனுக்குத் தெற்கேயிருந்து, இன்று பின்னேரம், அந்த நாட்டுத் தலைநகர் வழியாகக் கொழும்புக்கு. நல்லூர்த் திருவிழாக் காலம். காலையில் பயணிகள் தொகையைக் கேட்டபோது ஒரு இருக்கையும் மிச்சமில்லை என்று சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் எங்கட சனமாகத்தான் இருக்கும் என்று யசோதினி அப்போதே நினைத்தாள். நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இப்போது போனைக் கையில் எடுத்தாள். அண்ணனின் பெயரில் விரலை வைத்தாள். ஒரு வசனம் போதும். "ஏறாதேங்கோ அண்ணை." ஏன் என்று கூட அவன் கேட்க மாட்டான். ஜேர்மனியில் டோட்முண்ட் நகரத்தில் உணவகத்துக் குசினியில் வேலை செய்து அவளைப் படிப்பித்தவன் அவன். அவள் ஒரு சொல் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நம்புகிறவன்.

நாலு பேர் இறங்கி வீட்டுக்குப் போவார்கள். மற்ற இருநூறு பேர்?

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி மார்ட்டினின் அறைக்குப் போனாள்.

மார்ட்டின் பிரிவுத் தலைவர். மெதுவாகப் பேசும் மனிதர். அவள் படத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என் அண்ணன். இது அவருடைய குடும்பம். இன்றைக்குப் பின்னேர விமானத்தில் போகிறார்கள். இப்போதுதான் எனக்குத் தெரியும்."

மார்ட்டின் கண்ணாடியைக் கழற்றினார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யாருக்காவது சொன்னாயா?"

"இல்லை."

"ஆணையில் இதற்குப் பிறகு ஏதாவது மாற்றினாயா?"

"ஒரு புள்ளிகூட இல்லை. நேற்று எழுதியதுதான்."

"அவருக்குச் சொல்லப் போகிறாயா?"

ஜன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று மூச்சுவிட்டு நின்றது.

"அமைச்சர் முடிவு எடுக்கும் வரைக்கும் இது இரகசியம் என்று எனக்குத் தெரியும்" என்றாள்.

"நான் கேட்டது அதையில்லை."

"சொல்ல மாட்டேன்."

மார்ட்டின் தலையாட்டினார். அவருடைய முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் குரலில் அது இல்லை. "அப்படியானால் நீ இனி அமைச்சரோடு இதைப் பற்றிப் பேசக்கூடாது. கிளேர் பேசட்டும். சட்ட ஆலோசகரின் அண்ணன் விமானத்துக்குள் இருந்தார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னால், ஆணையே விழுந்துவிடும். நீ அறைக்குள் வராதே. ஆனால் கட்டிடத்தை விட்டும் போகாதே."

"கிளேருக்கு இந்த அலுவல் முழுக்கத் தெரியாது."

"தெரிந்துகொள்ளுவாள்."

கிளேர் அதே பிரிவில் இன்னொரு சட்டத்தரணி, கெட்டிக்காரி. ஆனால் நேற்று முழுவதும் ஹியூவோடு கதைத்தது யசோதினிதான். அவள் கிளேருக்குத் தெரிந்ததையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லிக் கொடுத்தாள். பழுது நிச்சயமாக இருக்கிறது என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலே போதும், விசாரணை முடியும் வரைக்கும் நிறுத்திவைக்கலாம். கிளேர் குறித்துக்கொண்டாள். "உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்குகிறது" என்றாள். யசோதினி ஹியூவின் அறிக்கையை அவள் கையில் கொடுத்தாள்.

அமைச்சரின் அறை மேல்மாடியில். வெளியே நீண்ட ஒரு நடையும், சுவரோடு மூன்று கதிரைகளும். யசோதினி நடுக் கதிரையில் இருந்தாள். கதவு மூடியது.

உள்ளே இருந்து சொற்கள் வரவில்லை. குரல்கள் மட்டும் ஏறி இறங்கின. ஒருவர் உள்ளே போனார். இன்னொருவர் வெளியே வந்து தாழ்ந்த குரலில் போனில் எதையோ கேட்டுவிட்டுத் திரும்பப் போனார். அவர் முகத்திலிருந்து எதையாவது பிடிக்கலாமா என்று யசோதினி பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை.

அமைச்சர் பதவிக்கு வந்து சில கிழமைகள்தான். கெட்டவர் என்று அவளால் சொல்ல முடியாது. காலையில் அந்த இரண்டு கைதிகளின் பெயரையும் தாளைப் பார்க்காமலே சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் இரண்டு முகங்கள் இருந்தன. விமானத்துக்குள் இருக்கிறவர்களுக்கு முகம் இல்லை, தொகை மட்டுமே இருந்தது. அவளிடம் நாலு முகம் இருந்தது. அதைச் சொல்லத்தான் அவளுக்கு அனுமதி இல்லை.

போன் அதிர்ந்தது. அண்ணன்.

எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். கை எடுத்துவிட்டது.

"யசோ, வேலையோ?"

"ஓம் அண்ணை."

"உன்னைக் குழப்பேல்லை. ஒரு அலுவல். வீட்டுத் திறப்பு உன்னட்டக் கிடக்குத்தானே. புதன்கிழமை குப்பை எடுக்க வருவாங்கள். பச்சைத் தொட்டியை வெளியில இழுத்து விடு. நான் மறந்திட்டன்."

"சரி. இழுத்து விடுறன்."

பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். பிள்ளைகளின் சத்தம். சுவர்ணா யாரையோ "அங்காலை போய் நில்" என்று அதட்டினாள்.

"மெறிடோராவிலையோ போறியள்?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓம், உனக்குச் சொல்லேல்லை என்ன? மற்றது கொழும்பில விடியப்புறம் கொண்டே விடுதாம். இது நேரத்துக்குப் போகும். சவுத்தாலில டிக்கெட் போட்ட பெடியன்தான் மாத்தித் தந்தவன். ஏன், உது கூடாதோ?"

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. ஓம் என்று ஒரு சொல், ஒரு மூச்சு.

"அண்ணை..."

"என்ன?"

"கொஞ்சம் நில்லுங்கோ."

அவன் நின்றான். அவன் மூச்சு கேட்டது. நடையின் அந்த முனையில் யாரோ ஒரு தள்ளுவண்டியில் தேநீர் கொண்டுவந்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் கிளேரின் குரல் உயர்ந்து கேட்டது. இன்னும் முடியவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. இப்போது அவள் சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு வேண்டியவர்கள் பத்திரம். பிறகு அந்தக் கதிரையில் அவளால் நிம்மதியாக இருக்கவும் முடியும். அந்த நிம்மதியை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னடி? ஏறச் சொல்லிக் கூப்பிடுறாங்கள்."

"ஒண்டுமில்லை. கவனமாப் போங்கோ."

"சரி. போய் எடுக்கிறன்."

தொடர்பு அறுந்தது. யசோதினி போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. வெளியே வந்தவர் அமைச்சர். கோட்டைக் கழற்றியிருந்தார். நடையில் இரண்டு எட்டுப் போய்த் திரும்பியபோதுதான் அவளைக் கண்டார்.

"இதை எழுதியது நீங்கள்தானே?"

அவள் எழும்பினாள். "ஆம், அமைச்சர்."

"உங்களிடம் ஆலோசனை கேட்கக்கூடாது என்று மார்ட்டின் சொல்கிறார். காரணம் சொல்லவில்லை. ஏதோ சொந்தத் தொடர்பு என்றார்."

"ஆம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் சொல்கிறார்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால்..."

"கேட்காதீர்கள்" என்றாள் யசோதினி.

தன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் ஒரு அமைச்சரிடம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவர் திகைத்து நின்றார். கையெழுத்து வையுங்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அவள் அதைச் சொன்னால் அவர் வைக்கவும் கூடும். ஆனால் அது அவளுடைய அண்ணனுக்காக வைத்த கையெழுத்தாகிவிடும்.

"நான் பதில் சொன்னால் உங்கள் முடிவு பழுதாகிவிடும். அந்த ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பரிசோதகர் ஹியூ. காலையிலிருந்து அவர் எழுதியதைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். அவரோடு யாரும் கதைக்கவில்லை."

அமைச்சர் திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் ஹியூவின் குரல் வந்தது. விமான நிலையத்தில் நின்று பேசினார் போலும், காற்று இரைந்தது.

"இந்த விமானத்திலும் அந்தப் போலி ஆணிதான் இருக்கிறதா?" என்று அமைச்சர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, ஐயா. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்க்க விடவில்லை."

"திறந்து பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அரை நாள்."

"கேட்டீர்களா?"

"கேட்டேன். முதலில் பொறியியலாளர் இல்லை என்றார்கள். நாங்கள் தருகிறோம் என்றேன். பிறகு கருவி இல்லை என்றார்கள். அதையும் தருகிறோம் என்றேன். இன்று காலை திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. எரிபொருள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்."

பிறகு வெளிநாட்டு அலுவல்காரரின் குரல் பணிவாகக் கேட்டது. "அமைச்சர், ஒரே ஒரு நாள். நாளைக் காலை அந்த இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டால் பிறகு எதையும் செய்யலாம்."

"நாளைக்குள் இந்த விமானம் கடலுக்கு மேலே போய்விடும்" என்றார் அமைச்சர். "அரை நாள் வேலைக்கு ஏன் மறுத்தார்கள் என்று உங்களில் யாராவது எனக்குச் சொல்ல முடியுமா?"

அமைச்சர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த இரண்டு குடும்பத்தோடும் நானே கதைக்கிறேன். பேனா ஒன்று தாருங்கள்."

யசோதினி கதிரையில் இருந்தபடியே கண்ணை மூடினாள்.

கையெழுத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆணை நிறுவனத்தின் கைக்குப் போகவேண்டும், விமான நிலையத்துக்குப் போகவேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போகவேண்டும். அதுவரைக்கும் அது வெறும் காகிதம். கிளேர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மார்ட்டின் கடைசியாக வந்து யசோதினியின் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"விமானம் வாசலை விட்டு நகர்ந்துவிட்டதாம்" என்றார்.

யசோதினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனை அணைத்திருப்பான். தனுஷியா ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடித்திருப்பாள். சுவர்ணா கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள். விமானம் ஏறும்போது அவள் எப்போதும் அப்படித்தான். ஓடுபாதையில் வரிசை இருந்தால் நேரம் கிடைக்கும். வரிசை இல்லாவிட்டால்? கோபுரத்தில் யாராவது தாளைப் பார்க்காமல் விட்டால்?

போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் அண்ணன். "பிளேனை ஓடுபாதையில மறிச்சுப்போட்டாங்கள். திருப்பிக் கொண்டு போறாங்களாம். என்ன கோதாரியோ தெரியேல்லை."

அவள் அதை மார்ட்டினிடம் காட்டினாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். பெரிய மூச்சு ஒன்றை விட்டு எழும்பிப் போனார். யசோதினி அந்தச் செய்தியைத் திரும்ப வாசித்தாள்.

ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இருநூறு பேர் விமான நிலையத்தில் தரையில் கிடந்தார்கள். திருவிழாக் காலத்தில் வேறு விமானத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. பிரதாபன் தெரிந்த ஆட்களிடமெல்லாம் கேட்டான். டிக்கெட் போட்ட சவுத்தால் பெடியன் போன் எடுக்கவில்லை. சிறையிலிருந்த இரண்டு பேரின் விடுதலை தள்ளிப்போய், அடுத்த மாதம்தான் வீடு வந்தார்கள். செய்தியில் அமைச்சரைத் திட்டினார்கள். இடம் கிடைக்காமல் அண்ணன் குடும்பம் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கலியாண முகூர்த்தம் யாழ்ப்பாணத்தில் காலை, லண்டனில் அப்போதுதான் விடிந்திருந்தது. யசோதினி முதல் ட்ராமில் போய் இறங்கினாள். அண்ணன் வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது. வரவேற்பறையில் சுவர்ணா கலியாணத்துக்கென்று எடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். பிள்ளைகளும் பட்டு உடுத்தியிருந்தார்கள். திரையில் படம் அடிக்கடி உறைந்து நின்றது. தாலி கட்டும்போது மேளம் கேட்டது. படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது சிவமலர் தலை குனிந்திருந்தாள், கழுத்தில் தாலி ஏறியிருந்தது. சுவர்ணா கையிலிருந்த அறுகரிசியைத் திரையை நோக்கி எறிந்தாள். அது கம்பளத்தில் சிதறியது.

பிறகு சுவர்ணா திரும்பினாள்.

"யசோ, நீர் அங்கைதானே வேலை. உமக்கு முதலே தெரியுமோ?"

பொய் சொல்ல இடம் இருந்தது. தன் பிரிவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பார்கள்.

"தெரியும் மச்சாள். அந்த ஆணையை எழுதினது நான்."

பிரதாபன் கதிரையிலிருந்து நிமிர்ந்தான். "நான் போன் எடுக்கேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

"கூடாதோ எண்டு நான் கேட்டனான். கேட்டனானோ இல்லையோ?"

"கேட்டனீங்கள்."

"என்ர பிள்ளையள் உள்ளுக்குப் போகேக்கை நீ பாத்துக்கொண்டிருந்தனீ." அவனுடைய குரல் உடைந்தது. "குப்பைத் தொட்டி கதைச்சனான் உன்னோட."

"நான் உங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தா நீங்கள் இறங்கியிருப்பியள். மற்றச் சனம்..."

"மற்றச் சனத்தைப் பற்றி நான் கேக்கேல்லை. அவர் கையெழுத்து வைக்காமல் விட்டிருந்தா? அப்ப என்ன செய்திருப்பாய்?"

அவள் இரண்டு நாளாக இந்தக் கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"விமான நிலையத்துக்கே போன் எடுத்து எல்லாருக்கும் கேக்கக் கத்தியிருப்பன் எண்டு சொல்ல ஆசையாக் கிடக்கு" என்றாள். "ஆனா எனக்குத் தெரியாது அண்ணை. உண்மையாத் தெரியாது."

பிரதாபன் எழும்பி வெளியே போனான். வாசலில் நின்ற அவனுடைய வேலை வானின் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. சுவர்ணா கம்பளத்தில் குந்தியிருந்து அறுகரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். யசோதினி குனிந்து உதவப் போனாள். "நீர் விடும்" என்றாள் சுவர்ணா.

ஒரு கிழமையில் பரிசோதனை முடிவு வந்தது. மெறிடோராவின் இன்னும் இரண்டு விமானங்களில் போலி ஆணி இருந்தது. ஒன்றில் ஆணி பாதிக்கு மேல் வெடித்திருந்தது. ஆனால் அண்ணன் குடும்பம் ஏறிய விமானத்தில் எல்லாம் நல்ல ஆணி. செய்தியில் அதைப் படித்த சுவர்ணா அந்தப் பக்கத்தை எந்தச் சொல்லும் சேர்க்காமல் யசோதினிக்கு அனுப்பி வைத்தாள்.

பிறகு வழக்கு வந்தது. மெறிடோரா நிறுவனம் ஆணையை நீக்கவேண்டுமென்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயணிகளின் பெயரை ஆராய்ந்தவர்கள் பிரதாபனின் பெயரைக் கண்டுபிடித்து, ஆணையை எழுதிய சட்டத்தரணியின் அண்ணன் அவன் என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். கையெழுத்துக்குச் சற்று முன்னால் இருவரும் போனில் பேசியதை அரசாங்கத் தரப்பே நீதிமன்றத்துக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவள் அண்ணனுக்கு இரகசியத்தைச் சொல்லியிருக்கிறாள், அண்ணனைக் காப்பாற்றவே அமைச்சரைத் தூண்டியிருக்கிறாள் என்று அவர்களுடைய பெரிய வழக்கறிஞர் எழுதியிருந்தார். அது நிரூபணமானால் ஆணை போகும். யசோதினியின் வேலையும் போகும். மெறிடோரா திரும்பப் பறக்கும்.

அவள் அறைக்குள் போகவில்லை என்று சொல்ல மார்ட்டின் இருந்தார். அமைச்சர் கேட்டபோதும் பதில் சொல்ல மறுத்தாள் என்று அமைச்சரே எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் போனில் என்ன பேசினார்கள் என்று சொல்ல உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் அவளோடு கதைப்பதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. அவன் சாட்சி என்பதால் இப்போது அவனோடு கதைக்கவும் அவளுக்குத் தடை.

அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு சட்டத்தரணி அவனைத் தேடி மிச்சம் ஊருக்குப் போனார். பிரதாபன் ஒரு வீட்டில் குழாய் திருத்திக்கொண்டிருந்தான். வானுக்குள் வைத்துத்தான் வாக்குமூலம் எழுதினார்கள். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். விசாரணை நாளன்று யசோதினி பின் வரிசையில் இருந்து கேட்டாள்.

"அந்த விமானம் கூடாதோ என்று நான் அவளிடம் நேராகவே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கவனமாகப் போகச் சொன்னாள். நாங்கள் நாலு பேரும் ஏறினோம். அவள் எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பேனா? என் பிள்ளைகளை ஏற்றியிருப்பேனா? அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவள் மேல் கோபம்."

மெறிடோராவின் வழக்கறிஞர் தாளைப் புரட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆணை நிலைத்தது. தீர்ப்பு வாசித்து முடிந்து வெளியே வந்தபோது வாசல் படியில் பிரதாபன் நின்றான். வேலை உடுப்பு. காலணியில் சீமெந்து. அவன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் சொன்னதை வாசிச்சவங்களோ?"

"ஓம்."

"எழுதேக்கை அந்த ஆள் கேட்டவர், கோபம் எண்ட வசனத்தை எடுத்துவிடுவமோ எண்டு. அது கிடக்கட்டும் எண்டனான். அதுவும் உண்மைதானே."

"உண்மைதான் அண்ணை."

மழை தூறத் தொடங்கியது.

"உவள் சுவர்ணா இன்னும் கொஞ்ச நாளுக்கு உன்னோட கதைக்கமாட்டாள். நான் ஒண்டும் செய்யேலாது."

"தெரியும்."

"நான்..." என்று தொடங்கி நிறுத்தினான். "நான் கதைக்கிறன். இண்டைக்கு வேண்டாம்."

அவன் வான் நிறுத்திய பக்கமாக நடந்தான். யசோதினி அவன் தெருவைக் கடக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.